கூண்டு காலியானால் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

2024 செப்டம்பர் 16ஆம் தேதி காலாப்பட்டு மத்திய சிறையில் விசாரணைக் கைதி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஆண்டு மார்ச் 2ஆம் தேதி புதுச்சேரி நகரில் காணாமல் போன ஒன்பது வயதுச் சிறுமி, 5ஆம் தேதி கழிவுநீர் வாய்க்காலில் சடலமாகக் கிடைத்த வழக்கில் கைதான இருவரில் அவர் ஒருவர். ஐம்பது வயதைக் கடந்தவர். மற்றவர் 19 வயது இளைஞர்.

மார்ச் 8ஆம் தேதி, அதாவது மகளிர் தினத்தன்று, புதுச்சேரியில் முழு அடைப்பு நடந்ததை மறந்திருக்க மாட்டோம். வில்லியனூரிலும் பாகூரிலும் கடைகள் மூடிக் கிடந்தன. 'தூக்கில் போடு' என்பதுதான் அன்று எங்கும் கேட்ட குரல். ஆறு மாதம் கழித்துச் சிறையிலிருந்து அந்தச் செய்தி வந்ததும் டீக்கடைகளில் பேசியதையும் கேட்டோம். 'சனியன் ஒழிஞ்சுது, கோர்ட்டுக்கு வேலை மிச்சம்' என்றார்கள். உண்மையைச் சொன்னால், அந்த முதல் நிமிடத்தில் எங்கள் மனமும் அப்படித்தான் நினைத்தது.

பிறகுதான் யோசித்தோம். அந்தக் குழந்தையின் தாய்க்கு இனி யார் பதில் சொல்வது? என்ன நடந்தது, எப்படி நடந்தது, வேறு யாருக்கேனும் தெரியுமா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்களில் ஒருவராகப் போலீசார் சொன்னவர் இப்போது இல்லை. இறந்தவர் மீதான வழக்கு அவரோடு முடிந்துபோகும். இறந்தவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவும் முடியாது, நிரபராதி என்று விடுவிக்கவும் முடியாது. மற்றவர் மீது விசாரணை தொடரலாம். ஆனால் கூண்டின் பாதி காலியாகிவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தீர்ப்பு வரும்வரை உயிரோடு வைத்திருப்பதை அவருக்குக் காட்டும் இரக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அந்தக் குழந்தைக்கு நாம் பட்ட கடன். இந்த வாரம் சொல்ல வந்தது இதுதான்.

ஒரு வழக்கோடு நிற்கவில்லை

காலாப்பட்டில் நடந்தது தனி நிகழ்வு என்றால் விட்டுவிடலாம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்சிசி முகாம் நடத்தி மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக ஒருவர் கைதானார். கைதுக்கு முன்பே விஷம் உட்கொண்டிருந்ததாகக் கூறப்பட்ட அவர், 23ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். அவருடைய சாவு குறித்தே உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. எத்தனை மாணவிகள் பாதிக்கப்பட்டார்கள், முகாமுக்கு யார் அனுமதித்தார்கள், பள்ளிக்கு எவ்வளவு தெரியும் என்று விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க வேண்டியிருந்தது. முக்கியமான சாட்சியும் முக்கியமான எதிரியும் ஒரே ஆள். அந்த ஆள் இல்லாமல் விசாரிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

2012 டெல்லி பேருந்து வழக்கிலும் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டவர் 2013 மார்ச் 11ஆம் தேதி திகார் சிறையில் இறந்துகிடந்தார். நாடே கவனித்த வழக்கிலேயே இப்படி என்றால், யாரும் கவனிக்காத கிராமத்து வழக்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டுக்குள் என்ன நடக்கிறது

நகரத்து வழக்குக்குக் கேமராக்கள் வரும். நம் பேட்டுக்கு யாரும் வருவதில்லை. இங்கே ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தால் முதலில் அமைதி, அடுத்து பஞ்சாயத்து, அதற்கடுத்து 'பொண்ணு வாழ்க்கையைப் பாரு' என்ற புத்திமதி. இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் ஒரு புகார் காவல் நிலையத்துக்குப் போகிறது. தாண்டிப் போகிற பெற்றோர் கூலி வேலை செய்கிறவர்கள். எதிரி பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. பாதிப் பேருக்கு மேல், அதாவது 53.22 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

அப்படி ஒரு குழந்தை வாய் திறந்து, வழக்கும் பதிவாகி, அதன்பின் எதிரி தற்கொலை செய்துகொண்டால் ஊர் என்ன சொல்லும்? 'ஒரு பொய்ப் புகாரால ஒரு உயிர் போச்சு' என்று சொல்லும். எதிரி ஊர்த்தெருவைச் சேர்ந்தவராக இருந்தால் அந்தச் சாவின் பழி பேட்டு முழுவதன் தலையில் ஏறும். வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே 'உன்னாலதான்' என்பார்கள். தீர்ப்பு இல்லாததால் அந்தப் பிள்ளையால் 'நான் சொன்னது உண்மை' என்று எடுத்துக்காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாத மக்கள் நாம். நமக்கு நீதிமன்றத் தீர்ப்பின் நகல்தான் சாட்சி. எதிரியின் சாவு அதைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது.

குழந்தையின் பேச்சு பதிவானால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020இல் வில்லியனூர்ப் பகுதியில் ஒரு வாத்துப் பண்ணையில் இருளர் சமூகச் சிறுமிகள் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டுப் பாலியல் கொடுமைக்கு ஆளானது வெளிவந்தது. ஏழு வயதுக் குழந்தையும் அதில் உண்டு. மீட்கப்பட்ட பிறகு பொறுமையாகக் கேட்கப்பட்டபோதுதான் முழு உண்மையும் வெளியே வந்தது. பண்ணை உரிமையாளரும் குடும்பத்தாரும் உட்படப் பலர் கைதானார்கள். போக்சோ, கொத்தடிமை ஒழிப்பு, வன்கொடுமைத் தடுப்பு என மூன்று சட்டங்களும் பாய்ந்தன. புதுச்சேரி இருளர்கள் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டது 2016 டிசம்பரில்தான். அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தக் குழந்தைகளுக்குப் பயன்பட்டிருக்காது. குழந்தைகளின் வாய்மொழி பல பேரைக் கூண்டுக்குக் கொண்டுவந்தது. அந்த வாய்மொழிக்குப் பதில் சொல்லக் கூண்டில் ஆள் இருக்க வேண்டும்.

நம் பையன்களுக்கும் இது பொருந்தும்

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தால் நாம் நேர்மையானவர்கள் அல்ல.

போக்சோ வழக்கில் சிக்குகிறவர்களில் நம் தெருப் பையன்களும் இருக்கிறார்கள். சிலர் உண்மையிலேயே குழந்தைக்குக் கொடுமை செய்தவர்கள். அவர்கள் நம் சாதி என்பதற்காக ஒரு வார்த்தைகூட நாம் பரிந்து பேசக் கூடாது. பாதிக்கப்பட்ட குழந்தையும் பெரும்பாலும் நம் தெருக் குழந்தைதான். வேறு சிலரின் கதை வேறு. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் காதலித்து ஊரைவிட்டுப் போனால், பெண் வேறு சாதி, பையன் பேட்டுக்காரன் என்றால், முதலில் எழுதப்படுவது போக்சோ வழக்குதான். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இளம் ஆட்டோ ஓட்டுநர் மீதான போக்சோ வழக்கை ரத்து செய்தது. காதல் உறவில் இருக்கும் பதின்ம வயதினரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்று அப்போது கருத்துச் சொன்னது.

அந்த ஆட்டோ ஓட்டுநர் உயிரோடு இருந்தார், வழக்கு ரத்தானது. அவரைப் போன்ற ஒரு பையன் கைதான மூன்றாம் நாளே அவமானம் தாங்காமல் செத்துப்போனால்? அவன் பெயருக்குப் பின்னால் 'குழந்தையைக் கெடுத்தவன்' என்ற சொல் என்றென்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் தங்கைக்கும் அந்தச் சொல் ஒட்டும். குற்றம் செய்யாதவனுக்கு விடுதலைத் தீர்ப்பு கிடைக்க வேண்டுமானாலும் அவன் உயிரோடு இருந்தாக வேண்டும். குழந்தைக்கு வேண்டியதும் இவனுக்கு வேண்டியதும் ஒன்றுதான். விசாரணை நடக்க வேண்டும், முடிய வேண்டும்.

சிறைக் கணக்கு சொல்வது

2017 முதல் 2021 வரை நாட்டின் சிறைகளில் 817 பேர் இயற்கைக்கு மாறான முறையில் இறந்தார்கள். அவர்களில் 660 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிறைச் சீர்திருத்தக் குழு எடுத்துச் சொன்ன கணக்கு இது. 2022 இறுதியில் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்; அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். வெளியிலும் நம் நிலைமை நன்றாக இல்லை. 2015இல் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்குத்தான். லட்சம் பேருக்கு 43.2 பேர், நாட்டின் சராசரி 10.6.

குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் சிக்கியவர்களின் தற்கொலை குறித்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர்கள் வேலை செய்திருக்கிறார்கள். போலீசார் முதன்முதலில் கதவைத் தட்டுகிற நாளும் அதையடுத்த சில நாள்களும்தான் மிக ஆபத்தானவை என்பது அவர்கள் கண்டது. தண்டனையின் பயத்தைவிட, ஊருக்கும் வீட்டுக்கும் தெரிந்துவிட்டது என்ற அவமானம் ஆளைத் தள்ளுகிறது. நம் நாட்டுக் குற்ற ஆவணக் காப்பகமும் தற்கொலைக்கான காரணங்களில் 'சமூக மதிப்பு குலைதல்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறது. எந்த வழக்கால் குலைந்தது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தது, எதிர்ப்பக்கம் இருந்த குழந்தைக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

காலாப்பட்டில் இரண்டு கட்டடங்கள்

இங்கே மாணவர்களிடம் ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இறங்கினால் மத்திய சிறையும் இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறை இருக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து பேருந்து ஏறி அங்கே படிக்கப் போகிற முதல் தலைமுறைப் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு இதைவிட அவசியமான தலைப்பு இல்லை.

எதிரி இறந்துபோன வழக்குகள் எத்தனை? அந்தக் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினார்களா, குடும்பம் ஊரைவிட்டுப் போனதா, இழப்பீடு எந்த மாதம் வந்தது? இதைக் குழந்தையிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் கூடாது. ஒருமுறை சொன்னதையே போலீஸ், மருத்துவர், நீதிபதி என்று பலமுறை சொல்லிக் களைத்த பிள்ளை அது. நீதிமன்றப் பதிவேடு, சட்டப் பணிகள் ஆணையத்தின் இழப்பீட்டுக் கோப்பு, தகவல் உரிமை மனு ஆகியவற்றிலிருந்தே நிறையக் கிடைக்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆய்வின்போது ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி நீங்களும் புகார் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 'ரகசியம் காப்பேன்' என்று முதலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு திண்டாடாதீர்கள்.

குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு. இந்தப் பத்தியில் ஊரைச் சரியாகக் குறிப்பிடாமல் நாங்கள் எழுதுவது அதனால்தான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்ய வேண்டும்

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பெரும்பாலானவை சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவைதான்.

ஒன்று, குழந்தையின் சாட்சியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். அந்த 30 நாள் கடைப்பிடிக்கப்பட்டால், பின்னால் எதிரிக்கு என்ன ஆனாலும் குழந்தை சொன்னது நீதிமன்ற ஏட்டில் நிற்கும். பாகூரிலிருந்து கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்துக்கு வாய்தா வாய்தாவாக அலைகிற தாய்க்கு இதன் அருமை தெரியும்.

இரண்டு, போக்சோ வழக்கில் கைதாகிறவரின் மனநிலையைக் காவல் நிலையத்திலும், சிறையில் சேர்க்கும் நாளிலும் சோதிக்க வேண்டும். முதல் வாரங்களிலும், குற்றப்பத்திரிகை, ஜாமீன் மறுப்பு போன்ற நாள்களிலும் தனியே விடக் கூடாது. மனநல ஆலோசகர் சிறையில் பெயரளவுக்கு இல்லாமல் உண்மையில் இருக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாதவருக்கு முதல் நாளே இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டும். கைதானவரை ஊர்வலமாக இழுத்துப்போவதும் படம் பிடித்துப் பரப்புவதும் நிற்க வேண்டும்.

மூன்று, காவலில் நேர்ந்த சாவை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணையின் முடிவைப் பாதிக்கப்பட்ட குழந்தையின் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கின் போக்கை அறியும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்திருக்கிறது. எதிரி செத்ததைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

நான்கு, பணம். இதைத் தெளிவாகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2016இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, வல்லுறவுக்கு ஆளான பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. மருத்துவப் பரிசோதனை உறுதியானதும் பாதி. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் கால் பங்கு. கீழ் நீதிமன்றத்தில் விசாரணை முடிந்ததும் மீதிக் கால் பங்கு. 'தண்டனை கிடைத்ததும்' என்று அந்த விதி சொல்லவில்லை, 'விசாரணை முடிந்ததும்' என்றுதான் சொல்கிறது. எதிரி இறந்து வழக்கு முடிக்கப்பட்டால் அதையும் விசாரணை முடிந்ததாகவே கொண்டு, மீதி 1,25,000 ரூபாயைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். இதற்கென்று புதுச்சேரி ஆதிதிராவிடர் நலத்துறை ஓர் உத்தரவு போட்டால் போதும். போக்சோ விதிகளின்படி கிடைக்கும் இழப்பீடும் எதிரிக்குத் தண்டனை கிடைத்தால்தான் என்பதில்லை. விசாரணை நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். எதிரி விடுதலையான வழக்கிலும் இழப்பீடு வழங்க விதியில் இடமுண்டு.

ஐந்து, குழந்தைக்குத் துணை நிற்க நியமிக்கப்படும் ஆதரவு நபர், எதிரி செத்த அன்றே கோப்பை மூடிவிட்டுப் போகக் கூடாது. அன்றுதான் அந்தக் குழந்தைக்குத் துணை அதிகம் தேவை. 'இதில் உன் தப்பு ஒன்றுமில்லை, அந்தச் சாவுக்கும் நீ காரணமில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

புதுச்சேரியில் 2006இல் தேர்வான உள்ளாட்சிகளின் காலம் 2011இல் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. கேட்பதற்கு வார்டு உறுப்பினர்கூட இல்லாத கிராமங்களில் வாழ்கிறோம். அதனால் அங்கன்வாடி ஆசிரியை, பள்ளி ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி, படித்த பிள்ளைகள் ஆகியோர்தான் இதைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. யாருக்கேனும் உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416. இரண்டும் இலவச எண்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டாரும் இந்த இரண்டாவது எண்ணை அழைக்கலாம், அழைக்க வேண்டும்.

அடுத்தமுறை அப்படி ஒரு சாவுச் செய்தி வரும்போது, 'ஒழிஞ்சுது' என்று சொல்வதற்கு முன் பேட்டில் இருக்கும் அந்தப் பிள்ளையை நினைப்போம். அவள் எதிரியின் சாவைக் கேட்கவில்லை. நடந்ததை நீதிபதி முன் சொல்லி, 'நீ சொன்னது உண்மை' என்று ஒரு பெரிய மனிதர் சொல்லக் கேட்க வேண்டும் என்றுதான் நீதிமன்றப் படியேறினாள். அந்தப் பதிலை அவளுக்கு வாங்கித் தர வேண்டியது நாமும் அரசும்தான்.